கார்புரேட்டரும் அத்துவசுத்தியும்

சிவமயம்



சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யன்பரோடு கூடியிருத்தலையும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே கண்டு தொழுதலையும் விதிக்கின்றது. அவ்விரண்டற்கும் முன்னே மலத்தைக் கழுவுதலை வைத்தருளினார் மெய்கண்டதேவர். கழுவியபின் கூடுதல், கூடியபின் தொழுதல் என்னும் இம்முறை செய்யுளோசை நோக்கி நேர்ந்ததன்று. பொருள் நோக்கி அமைந்தது. இந்நாளில் இம்முறையைப் பிறழக் கொள்வார் பலர். கழுவுதலாவது நூலைப் படித்துணர்தலேயன்றி வேறொன்றில்லை என்பர் சிலர். சித்தாந்த வகுப்புக்களிற் பல்லாண்டு அமர்ந்து, பதினான்கு சாத்திரத்தையும் பாடஞ்சொல்ல வல்லராயினாருள்ளும், 'தீக்கையென்பது புறச்சடங்கு; அறிவொன்றே அமையும்' என்று துணிந்து கூறுவாரைக் கண்டிருக்கின்றோம். இஃது ஒருவர் இருவர் கொள்கையாய் ஒழிவதாயின் யாம் இத்துணை விரித்தெழுதப் புகோம். தீக்கையின்றிச் சாத்திரம் ஓதுதல் வழக்கமாகிவிடின், இன்னும் ஒரு தலைமுறையிற் சித்தாந்தம் ஏட்டுக்கல்வியாய் எஞ்சுமன்றி வாழ்வாய் நில்லாது. ஆகலின் இதனை ஆராய்தல் கடனாயிற்று.

இதற்கு யாம் எடுத்துக்கொள்ளும் உவமை புதிது. மோட்டார் வண்டி பழுதுபார்க்குங் கொட்டகையிற் பிறந்தது. கற்றோர் நகையற்க. நம் ஆசிரியன்மார் நுண்பொருள் விளக்கப் புகுந்தவிடத்து அரண்மனையைத் தேடிச் சென்றாரல்லர். நெல்லின் உமியையும், செம்பின் களிம்பையும், வண்ணான்றுறையையும் எடுத்துக்கொண்டனர். மாயையினின்று தோன்றிய உடல் கருவிகளும் மலமேயாயின் மலத்தை மலத்தாற் கழுவுதல் யாங்ஙனம் என்னும் வினாவிற்கு, அருணந்திசிவாசாரியர் சிவஞானசித்தியாரில் அளித்த விடை வண்ணானுடைய தொழிலே. அழுக்கேறிய ஆடையின்மேல் அவன் சாணியையும் உவர்மண்ணையும் மேலும் ஏற்றுகின்றான். ஏற்றிய அழுக்கோடு பழைய அழுக்கும் ஒருங்கே கழிகின்றது. காஞ்சியில் அடியார்தம் கந்தையை ஒலித்துக் கொடுத்த தொண்டினாலன்றோ திருக்குறிப்புத்தொண்டர் நாயன்மார் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்? நாவரசர் திருக்கையில் ஏந்தியதும் உழவாரமே. அழுக்ககற்றுந் தொழில் எதுவும் சைவர்க்கு இழிந்ததன்று.

வெம்பக்கோட்டை, விருதுநகர் மாவட்டத்திற் சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றை அடுத்துள்ள ஊர். மழை அருகிய கரிசற்காடு. தீப்பெட்டியும் பட்டாசுமே பெரும்பாலார்க்கு உணவளிப்பன. விடியற்காலையில் வேலைக்குச் செல்வாரையும், தண்ணீர்க் குடங்களையும், விறகுக்கட்டையும் ஒருசேரச் சுமந்து அவ்வூர்ச் சாலைகளில் ஓடுவன பெரும்பாலும் பழைய மொபெட்டு வண்டிகளே. 1980ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்த டி.வி.எஸ். 50 வண்டியின் வழிவந்தவை அவற்றுட் பல. 2020 ஏப்ரல் முதலாந் தேதி முதல் நடைமுறைக்கு வந்த புகைக்கட்டுப்பாட்டு விதியினால், இப்போது புதிதாய்ச் செய்யப்படும் வண்டிகளிற் கார்புரேட்டர் ஒழிந்து, எரிபொருளை அளந்து உட்செலுத்தும் மின்கருவி வந்துவிட்டது. ஆயினும் பழைய வண்டியை மாற்ற வசதியில்லாத எளியோர் அக் கார்புரேட்டரையே கழுவிக் கழுவி ஓட்டுகின்றனர். அக்கழுவுதலே ஈண்டு நமக்கு உவமையாவது.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவிற் கலந்து எந்திரத்திற்கு ஊட்டும் சிறு கருவி. ஏறக்குறைய பதினைந்து பங்கு எடையுள்ள காற்றிற்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது கணக்கு. காற்று, நடுவே ஒடுங்கிய குழலின்வழி விரைந்து செல்லும்போது அவ்வொடுக்கத்தில் அழுத்தங் குறையும். குறையவே, அடியிலுள்ள கிண்ணத்தினின்று பெட்ரோல் ஒரு நுண்டுளை வழியே மேலேறித் துவலையாய்க் காற்றிற் கலக்கும். அந்நுண்டுளையுடைய பித்தளைத் திருகாணியை 'ஜெட்' என்பர். வண்டி நின்ற நிலையில் ஓடுதற்குதவும் சிறிய ஜெட்டின் துளை பலவற்றில் அரை மில்லிமீட்டர்க்கும் குறைந்தது. தலைமயிர் சில நுழையும் அளவினது என்னலாம். கிண்ணத்திற் பெட்ரோல் மிகாமலும் குறையாமலும் காப்பது ஒரு மிதவையும் அதனோடியைந்த ஊசியும். வண்டி முழுவதும் பழுதற்றதாய் இருப்பினும், அத் துளையை ஒரு தூசி அடைக்குமாயின் நூறு முறை மிதித்தாலும் எந்திரம் உயிர்கொள்ளாது. பெட்ரோல் நிறைந்திருக்கும், காற்று எங்கும் இருக்கும், பொறியும் எழும், இவற்றைக் கூட்டுவிக்கும் வழியில்லை. முதல்வன் எங்கும் நிறைந்திருப்பவும் உயிர் அவனைக் கூடாதிருத்தற்குக் காரணம் யாதென்பார்க்கு இதனினும் எளிதாய் யாது காட்டுவது?

அவ்வழுக்குத்தான் எத்தன்மைத்து? அதனை ஆராயின் இருவகை காணப்படும். வண்டி சில திங்கள் ஓடாது நிற்குமாயின், கிண்ணத்திற் றேங்கிய பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாய்ப் போக, எஞ்சியது வேப்பம்பிசின்போலத் தடித்து ஒட்டிக்கொள்ளும். தொட்டியின் துருவும் சாலைப் புழுதியும் அதனோடு சேரும். இவை வெளியினின்று வந்தன, ஆகந்துகம் என்னலாம். மற்றொன்று பித்தளையின் மேனியிலேயே பச்சையாய்ப் பூப்பது. பித்தளையாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதன்கட் பூக்கும் பச்சை நம் சாத்திரங்கள் நெடுங்காலமாய்ப் பேசிவரும் அச் செம்பின் களிம்பேயாம்! பெட்ரோலிற் சாராயச்சத்துக் கலத்தல் 2022இல் நூற்றுக்குப் பத்தாகவும் 2025இல் இருபதாகவும் உயர்ந்தபின், அச்சத்துக் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பிற்றாகலின், பழைய வண்டிகளிற் களிம்பு விரைந்து பூக்கின்றதென்பர் தொழிலறிந்தோர். பிசினையும் துருவையும் மாயை கன்மங்கட்கும், களிம்பை ஆணவத்திற்கும் ஒப்பிட்டுக் காண்க. முன்னவை வந்தேறியன, பின்னது உடனாயது, சகசம்.

அற்றன்று; செம்பு உலையினின்று வெளிவருங்கால் ஒளியுடையதாய் வருகின்றது, காற்றும் ஈரமும் பட்டபின்னரே களிம்பு உண்டாகின்றது என்பது இரசாயன நூலார் கண்ட உண்மை; ஆகலின் அநாதி ஆணவத்திற்கு அது உவமையாகாதெனின், கூறுதும். அதே காற்றும் ஈரமும் பொன்னின்மேலும் படுகின்றன. பொன் களிம்பு கொள்வதில்லை. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாடு அரசு தொல்லியற்றுறையார் அகழ்ந்தனர். அங்கே பொன்மணிகளும் கிடைத்தன. செப்புக் காசுகளும் கிடைத்தன. ஒரே மண்ணிற் கிடந்தும் பொன் மெருகு குன்றாது நிற்பதும், செம்பு பச்சைப் பொருக்கேறி எழுத்தும் தெரியாது போவதும் அவ்விரண்டன் இயல்பு வேற்றுமையாலன்றோ? களிம்பு கொள்ளுந் தகுதி செம்பில் எஞ்ஞான்று தோன்றியதென்று காலங்காட்ட ஒருவராலும் இயலாது. செம்பு உள்ள அன்றே அது உண்டு. இத்தகுதியையே பெரியோர் உவமையாக்கினர். பதி பொன்போல்வது, பசு செம்புபோல்வது. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பதையும் மறவற்க.

இனி, எடுத்துக்கொண்ட வினாவிற்கு வருவாம். மலம் அறியாமையின் வேறன்று. அறியாமை அறிவு வந்தவுடன் இருள்போல் நீங்கும். ஆகவே அறிவு ஒன்றே அமையும் என்பது எதிர்ப்பக்கம். மலம் வெறும் அறியாமையன்று, அறியாமையைச் செய்வதோர் உள்பொருள் என்பது சித்தாந்தம். அது திரவியம். திரவியத்தைத் திரவியமென அறிதலால் அது நீங்காது. ஒரு செயலால் நீங்கும். கண்ணிற் படலம் மூடியவன், 'இது படலம்; இஃது இன்ன இயல்பிற்று' என்று நூறு நூல் கற்றாலும் கண் தெரியப்பெறான்; மருத்துவன் படலத்தை உரித்தெடுத்த பின்னரே காண்பான். ஆகமங்கள் தீக்கையின் இன்றியமையாமையை நாட்டுதற்குக் கூறும் உவமை இதுவேயாம். கார்புரேட்டரின் படத்தை வரைந்து, ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரெழுதி, எங்கே அடைப்பென்று சுட்டிக்காட்ட வல்லவனுடைய வண்டியும் திறந்து கழுவினாலன்றி ஓடாது. இதனை மறுப்பார் உளரோ?

ஞானத்தினாலேயே வீடு என்பதன்றோ சித்தாந்தத் துணிபு, அதனோடு இது முரணாதோ எனின், முரணாது. அங்கே ஞானமென்றது யாது? சொல்லாலும் எழுத்தாலும் வருவது பாசஞானம். தன்னையே பொருளென மதித்து நிற்பது பசுஞானம். வீடு தருவது இவ்விரண்டுமன்று. முதல்வன் திருவருளாகிய பதிஞானம். அத்திருவருளே குருவைத் தனக்கு நிலைக்களனாகக்கொண்டு தீக்கையென்னுஞ் செயலாய் வந்து மலத்தின் ஆற்றலை மடக்குகின்றது. கிரியை ஞானத்திற்குப் பகையன்று; அஃது அந்த ஞானத்தின் கையேயாம். ஏட்டுக்கல்வியைப் பதிஞானமென மயங்கியதே இவ்வாதத்திற்கெல்லாம் வேர்.

தீக்கை வேண்டுமென ஒப்புவாருள்ளும் இருதிறத்தார் பிழைபடுகின்றனர், அவரையும் விட்டுவிடுதற்கில்லை.

முதற்றிறத்தார் விரைவை விரும்புவோர். கடையில் இந்நாளில் அழுக்குக்கரைக்கும் மருந்து தகரக்குப்பியில் விற்கப்படுகின்றது. கார்புரேட்டரைக் கழற்றாமலே காற்றுப்புகும் வாயில் அதனைப் பீய்ச்சிவிட்டு, கழுவியாயிற்றென்று வண்டியைக் கொடுத்தனுப்புவோர் உண்டு. வெளிவாய் வெள்ளிபோல் ஒளிரும். அடிக்கிண்ணத்துப் பிசினுக்கு அம்மருந்து சென்றதேயில்லை. மாணாக்கனுடைய பரிபாகத்தை ஒருநாளேனும் நோக்காது, ஒரே காலையிற் பலரை வரிசையில் இருத்தி, எண்ணிக்கையைப் பெருமையாய்ப் பேசும் தீக்கைகளை நோக்குங்கால் எமக்கு அத்தகரக்குப்பியே நினைவிற்கு வருகின்றது. நயனம், பரிசம், வாசகம், மானதம், சாத்திரம், யோகம், ஔத்திரி எனத் தீக்கை எழுவகைப்பட்டது எதன்பொருட்டு? உயிர்களின் பக்குவம் பலவாகலினன்றோ? இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் ஆராயாது செய்யுந் தீக்கை, கிண்ணத்தைத் திறவாத கழுவுதலேயாம். சடங்கு பொய்யன்று, அது சென்று பயன்படும் வாயில் திறக்கப்படவில்லை.

மற்றைத் திறத்தார் தம்மைத் தாமே கழுவிக்கொள்ளப் புகுவோர். ஆசிரியன் வேண்டா, கடுநோன்பே போதும் என்பர். அவ்வூரில் ஒரு கொட்டகையில் அமர்ந்து யாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்குரியவர் ஒருவர் அடைப்பெடுக்க இரும்புக்கம்பி ஒன்றை நீட்டினார். பழுதுபார்ப்பவர் அதனை வாங்காமலே சொன்னார்: "கம்பிய விட்டா ஓட்ட பெருசாயிரும் அண்ணாச்சி. பெறகு பெட்ரோல் கூடக் குடிக்கும், பொகையாத் தள்ளும். மறுபடி அத ஓட்ட சின்னதா ஆக்க முடியாது, தூக்கித்தான் போடணும்." பின்னர் எம்மை நோக்கி, "பித்தள மெதுவானது ஐயா, இரும்பு கடினம்" என்றார். ஆணவத்தைத் தன் முனைப்பாற் குடைந்தெடுக்க முயல்வானுக்கு நேர்வதும் அதுவே. நான் நோற்றேன், நான் துறந்தேன் என்னும் இரும்புக்கம்பி உள்ளே செல்லச் செல்ல, அழுக்கும் போகாது, துளையும் அளவு கெடும். நோன்பு வேண்டா என்பது எம் கருத்தன்று. முனைப்போடு கூடிய நோன்பு கருவியைக் கெடுக்கும் என்பதே கருத்து. கார்புரேட்டர் தன்னைத் தானே கழற்றிக் கழுவிக்கொண்டதை யாண்டும் கண்டார் இலர்.

முறையாகக் கழுவுவோன் செய்வது யாது? பெட்ரோல் வழியை முதற்கண் அடைக்கின்றான். கருவியை எந்திரத்தினின்று பிரிக்கின்றான். காற்றளவைத் திருத்துந் திருகாணி எத்தனைச் சுற்றில் இருந்ததென எண்ணிக் குறித்துக்கொண்டே கழற்றுகின்றான். இது சிறிய செய்தியாயினும், இதனை மறந்தவன் பின்னர் மாலைவரை திருகிக்கொண்டிருக்க நேரும். கிண்ணத்தைத் திறந்து மிதவையையும் ஊசியையும் எடுக்கின்றான். ரப்பர் வளையங்களையும் காஸ்கெட்டையும் வேறாக்கிய பின்னரே உலோக உறுப்புக்களை மருந்தில் ஊறவைக்கின்றான். ரப்பரை அம்மருந்து ஊதவைத்துக் கெடுக்குமாகலின். எல்லாவற்றையும் ஒரே நீரில் அமிழ்த்துவது தொழிலன்று என்பதைக் காண்க. பட்டாசு வேலை நடக்கும் அவ்வட்டாரத்தில், பெட்ரோலை வட்டிலில் ஊற்றிக் கழுவுவோர் நெருப்பிற்கு அஞ்சியே கழுவவேண்டும். ஊறவைத்த இடத்தில் ஒரு பீடியும் புகையலாகாது.

இவையெல்லாம் கண்ணாற் கண்டு கையாற் றொடத்தக்க இடங்கள். கார்புரேட்டரின் உடலுக்குள்ளேயோவெனின், வார்ப்பிரும்பன்று, இலேசான உலோகத்தில் வார்க்கப்பட்ட அதன் கனத்தினுள்ளே, நுண்வழிகள் பல வளைந்து செல்கின்றன. அவற்றுட் கையும் செல்லாது, கண்ணும் செல்லாது. அங்கே செல்வது காற்றொன்றே. அழுத்திய காற்றை ஒரு வாயிற் செலுத்தி, அது வெளிப்படும் மறுவாயில் விரலை வைத்து உணர்ந்து, ஒரு வழி திறந்தது, இனி அடுத்த வழி என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்து முடிக்கின்றான். ஒரு வழியேனும் ஐயத்திற்கிடமாய் நிற்பின் மீண்டும் ஊறவைக்கின்றான்.

நிருவாண தீக்கையில் ஆசாரியன் செய்தருளும் அத்துவசுத்தியை இதனோடு வைத்து நோக்குக. அத்துவா என்னுஞ் சொல்லுக்கே வழி என்பது பொருள். மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5 என ஆறு வழிகள். உயிர் பல பிறவியில் ஈட்டிய சஞ்சிதவினை கட்டுப்பட்டுக் கிடப்பது இவ்வாறு வழிகளிலேயாம். மாணாக்கன் அவற்றைத் தன் அறிவாற் காணமாட்டான். எவ்வழியில் எவ்வினை கிடக்கின்றதென நினைக்கவும் மாட்டான். ஆசாரியனோ கலை ஐந்தனுள் ஏனைய ஐந்து அத்துவாக்களும் அடங்குமாறு கண்டு, நிவிர்த்தி முதலாக ஒவ்வொரு கலையாய்த் தூய்மைசெய்து சஞ்சிதத்தை அழிக்கின்றான். உட்செல்வது அவன் கையன்று, திருவருள். ஒரு வழியும் விடாது முறைப்படி சோதித்தல் அவன் கடன். 'சடங்கு' என்று இகழ்வோர் இவ்வெண்களைக் கேட்டவுடன் நகைக்கின்றனர். இருநூற்றிருபத்துநான்கு புவனத்தை யார் எண்ணினார் என்பர். கார்புரேட்டரில் எத்தனை வழியுண்டென்று ஓட்டுபவன் எண்ணியறியான். செய்தவனும் கழுவுபவனும் அறிவர். ஓட்டுபவன் அறியாமை வழிகள் இல்லையென்பதற்குச் சான்றாகுமா?

கழுவாமலே புதிய உறுப்புக்களைக் கூட்டினால் யாதாம்? கடையில் புதிய காஸ்கெட், புதிய ஊசி, புதிய ஜெட் அடங்கிய சிறு பொட்டலம் கிடைக்கும். பிசின் படிந்த உடலில் அவற்றைப் பூட்டுவோனுக்குப் பொருளும் நாளும் வீண். பழைய பிசின் ஒரு துணுக்குப் பெயர்ந்து புதிய ஜெட்டில் அன்று மாலையே அடைக்கும். மலங்கழுவாது அடியாரிணக்கத்தையும் திருக்கோயில் வழிபாட்டையும் மேற்கொள்ளுவானுக்கு அவ்விணக்கமே செருக்கிற்கும் அவ்வழிபாடே விளம்பரத்திற்கும் இடமாவதை நாம் காணாததா? பன்னிரண்டாஞ் சூத்திரம் கழுவுதலை முன்வைத்தது இதனாற்றான். சரியை கிரியைகளைத் தொடங்கவே வேண்டாவென்று பொருள்கொள்ளற்க. அவற்றிற்கு உரிமை தரும் சமயதீக்கையும் விசேடதீக்கையும் உரிய படியிற் கழுவுதலேயாம்.

கழுவப்பட்ட கார்புரேட்டர் எந்திரமாகிவிடுவதில்லை, நெருப்பும் ஆகிவிடுவதில்லை. பித்தளை பித்தளையாகவே நிற்கின்றது. தன்வழியே பெட்ரோலும் காற்றும் தடையின்றிச் செல்ல இடங்கொடுத்து நிற்கின்றது. செம்பு இரசகுளிகையாற் களிம்பு நீங்கிப் பொன்னாய்ப் பொன்னோடு ஒன்றாதல்போல மலம் நீங்கிய உயிரும் சிவனோடு ஒன்றாமென்பாரை மறுத்து, சிவனைப் பொன்னோடன்று குளிகையோடே ஒப்பிடல் வேண்டுமென அருணந்திசிவாசாரியர் சுபக்கத்திற் காட்டியதும் இவ்வேறுபாடு கருதியே. களிம்பை அறுப்பதும் ஒளியைத் தருவதும் குளிகையின் செயல். முத்தியிலும் ஆணவம் என்னும் பொருள் அழிவதில்லை. அதன் ஆற்றலே மடங்குகின்றது என்னுஞ் சித்தாந்தத் துணிபும் பித்தளையில் நன்கு விளங்கும். களிம்பு கொள்ளுந் தகுதி அதனை விட்டுப் போகவில்லை. புதிய பெட்ரோல் நாடோறும் ஓடிக்கொண்டிருக்கும் ஜெட்டில் அது தலைகாட்ட இடமில்லை; அவ்வளவே. கார்புரேட்டர் சடம், உயிர் சித்து; அது தன்னைக் கழுவுவோனை அறியாது, உயிர் அறிந்து நன்றிபாராட்டும். இவ்வேறுபாட்டை விட்டு உவமையை மேலுமிழுத்தல் தகாது.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். தீக்கை பெற்றும் அநுட்டானத்தைக் கைவிட்டோர் நம்மிடையே மிகப் பலர். சந்தியை விட்டு, ஒன்பதாஞ் சூத்திரம் விதித்த ஐந்தெழுத்தின் எண்ணத்தையும் விட்டு, ஆண்டுக்கொருமுறை குருபூசைக்கு மட்டும் திருமடத்திற்கு வந்து செல்வர். நன்றாய்க் கழுவிப் பூட்டிய வண்டியை வீட்டுத் திண்ணையோரம் ஆறு திங்கள் நிறுத்திவைத்தவர் நிலை அவர் நிலை. கழுவியது பொய்யாயிற்றோவெனின், அன்று. தேங்கியதனால் மீண்டும் பிசின் கட்டியது. பெருங்காயம் இருந்த கலத்தில் மணம் நிற்றல்போல வாசனை நின்று, ஓட்டமின்மையால் வலுப்பெற்றது. அன்னோர்க்கு ஆகமம் வழியடைத்துவிடவில்லை. அகோரமந்திர செபம் முதலிய பிராயச்சித்தங்களை விதித்திருக்கின்றது. ஆனால் தொட்டியில் துருவை வைத்துக்கொண்டு கார்புரேட்டரை மட்டும் எத்தனைமுறை கழுவினும், முதல் மேட்டில் வண்டி நின்றுவிடும். அநுட்டானம் விடுதற்குக் காரணமாயிருந்த கூட்டுறவையும் பழக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பிராயச்சித்தம் வேண்டி வருவோரை, அத்தொட்டியையும் உடன்கொண்டு வருமாறு ஆசாரியன்மார் பணித்தருளல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.